வள்ளம் ஏறினால் அணைகிற விளக்கு

"கடையில எரியுது, கடற்கரைக்குப் போனா அணையுது. இது டிரெய்லரா இல்ல பேய் புடிச்ச சவமா?"

கிறிஸ்துதாஸ் அண்ணன் ஜீப்பை விட்டு இறங்காமலே கேட்டார். மூன்று நாளில் இது மூன்றாவது தடவை. கடற்கரையில் வள்ளத்தை ஏற்றி, டிரெய்லரின் பிளக்கை ஜீப்பில் சொருகி பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் போனால் டிரெய்லரில் மட்டும் இல்லை, ஜீப்பிலும் பிரேக் லைட் எரியாது. கடைக்குக் கொண்டுவந்து புது ஃபியூஸ் போட்டு மிதித்தால் நன்றாக எரியும். இரண்டு தடவை அப்படி அனுப்பியாகிவிட்டது.

சீசன் மாறும்போது எங்கள் கரையின் மீன்பிடி வள்ளங்கள் கிழக்குக் கரைக்குப் போகும். அவற்றை ஏற்றிக் கொண்டுபோய் விடுவது கிறிஸ்துதாஸ் அண்ணனின் வேலை. அன்று ஏற வேண்டியது வியான்னியின் ஃபைபர் வள்ளம். வியான்னிக்கு இருபத்து மூன்று வயது. அப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அம்மா, தம்பி ஜெரோம், அந்த வள்ளம். அவ்வளவுதான். வியான்னியும் ஜெரோமும் ஜீப்பிலேயே வந்திருந்தார்கள்.

ஜெரோம் என்னோடு பதினொன்றாம் வகுப்பில் படித்தவன். நான் பாதியில் நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஏறியது. உட்கார்ந்திருக்கத்தான் முடியவில்லை. அதனால் புஷ்பக்காவின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்தேன். அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. புருஷன் வளைகுடாவுக்குப் போன பிறகு கடையை எடுத்து நடத்துகிறவள். அவர் இருந்தபோது வந்ததைவிட இப்போது வண்டி அதிகம்.

"ரெஜினே, நீ என்ன நினைக்க?" என்றாள் அக்கா.

"உப்புக் காத்துக்கா. கடற்கரையில உப்புக் காத்து அடிக்கும், கடையில அடிக்காது."

"கடை கடலுக்கு எவ்வளவு தூரம்?"

"முன்னூறு மீட்டர்."

"காத்து இங்க வரும்போ உப்பைக் கழுவிக்கிட்டு வருதோ?"

ஜெரோம் சிரித்தான். "இவன் கெமிஸ்ட்ரியில எடுத்த மார்க்கை நீங்க கேக்கல போல."

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. ஏன் அங்க மட்டும் போவுது?"

அக்கா எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக் கையைத் தட்டினாள். அங்கே ஏழு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணமாரே, எல்லாரும் வந்து இந்த டிரெய்லர் மேல கொஞ்சம் உக்காருங்க."

"எங்க கூட்டிட்டுப் போற புஷ்பம்?"

"ஒரு இடத்துக்கும் இல்ல. சும்மா கனமா இருங்க."

அவர்கள் டீ கிளாசோடு ஏறினார்கள். வியான்னி ஏறினான். ஜெரோம் கடைசியாக ஏறி நடுவில் கால் நீட்டிப் படுத்தான். "நான்தான் வலை" என்றான். வலைக்கு வாய் கிடையாது என்று வியான்னி அவன் தலையில் தட்டினான்.

"ஆளு இல்லாம எரிஞ்சுதா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"எரிஞ்சுது."

"அண்ணே, இப்ப மிதிங்க."

கிறிஸ்துதாஸ் அண்ணன் மிதித்தார். சிவப்பு ஒரு கணம் எரிந்தது, அணைந்தது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். போயிருந்தது.

அக்கா டிரெய்லரின் வலது பக்கம் குனிந்து காட்டினாள். சட்டம் ஒரு இரும்புக் குழாய். வயர் அதற்குள் நுழைந்து பின்னால் விளக்குக்குப் போகும். பாரம் ஏறினால் சட்டம் ஒரு விரல் அளவு தாழும். உள்ளே எங்கேயோ தோல் உரிந்த வயர் அப்போது இரும்பில் தொடும். பாரம் இறங்கினால் விட்டுவிடும்.

"ரெண்டு தடவை நாம வெறும் டிரெய்லரைப் பாத்து எரியுதுன்னு சொல்லி அனுப்பிட்டோம். அது எனக்க தப்பு" என்றாள்.

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அத்தோடு ஆர்வம் போனது. அப்படித்தான் நான்.

பதினொரு மணிக்கு அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வயரை முழுசும் வெளிய உருவு. புது வயர் போடு. குழாய்க்குள்ள நுழையுற வாயில ரப்பர் வை. அதுக்குப் பிறகு ஃபியூஸ். முன்னால இல்ல."

"எவ்வளவு நேரம் ஆவும்க்கா?"

"மூணு மணிக்கூறு. நாலாச்சுன்னாலும் ஆவட்டும்."

"தங்கச்சி, ரெண்டு மணிக்கு நான் வள்ளத்தை ஏத்தணும்" என்றார் கிறிஸ்துதாஸ் அண்ணன்.

"நாளைக்கு ஏத்துங்க."

"நாளைக்கு வேற வள்ளம் இருக்கு."

"அப்ப நாளான்னைக்கு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். போகும்போது என்னைப் பார்த்து மறுபடியும் சொன்னாள். "முழுசும் உருவணும் லே."

உருவினேன். ஒரு முழம் வந்தது. பிறகு வரவில்லை. குழாய்க்குள் துரு. கறள் பிடித்து வயரைக் கவ்வியிருந்தது. எண்ணெய் விட்டேன். இழுத்தேன். கை வழுக்கியது. வெயில் உச்சியில் நின்றது. கிறிஸ்துதாஸ் அண்ணன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியான்னி ஓரமாக உட்கார்ந்து கயிற்றைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரம் இழுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பது பொய். பிடிக்கவில்லை.

தரையில் ஒரு காலி சிகரெட் பெட்டி கிடந்தது. உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை எடுத்தேன். எரிந்துபோன ஃபியூஸின் மேல் அதை நாலு சுற்று சுற்றித் திரும்பச் சொருகினேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அக்கா கடையில் மட்டும் செய்யக்கூடாது.

வியான்னியையும் ஜெரோமையும் டிரெய்லரில் ஏறிக் குதிக்கச் சொன்னேன். குதித்தார்கள். மிதித்தால் எரிந்தது. எத்தனை தடவை மிதித்தாலும் எரிந்தது. ஃபியூஸே இல்லாத இடத்தில் எது போகும்?

"வேலைக்காரன் லே நீ" என்றார் கிறிஸ்துதாஸ் அண்ணன்.

வியான்னி என் பக்கம் வந்தான். "மக்கா, அக்கா சொன்னமாதிரி செஞ்சாச்சா?"

"ஆச்சு."

"அக்கா சொன்னா செரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வள்ளம் கரை மாறும்போது அதன் சொந்தக்காரன் பைக்கில் பின்னாலேயே வருவான். அது எங்கள் பக்கத்து வழக்கம். கயிறு தளர்கிறதா, வள்ளம் ஒருபக்கம் நகர்கிறதா என்று பார்க்க. அவன் கண் கயிற்றின் மேல்தான் இருக்கும், ரோட்டில் இருக்காது. கயிற்றுக்குக் கீழே சிவப்பு எரிந்தால் அவனும் நிறுத்துவான். வேறு அறிவிப்பு அவனுக்குக் கிடையாது.

வள்ளம் ஏறியதும் வியான்னி வீட்டிலிருந்து பைக்கை எடுத்து வந்து ஓட்டினான். ஜெரோம் பின்னால் உட்கார்ந்தான். புதுக்கரை பார்க்க வேண்டும் என்று அவன்தான் அடம்பிடித்தான்.

நாற்பது கிலோமீட்டர் போயிருப்பார்கள். மாலை நாலரை மணி. ஒரு ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துதாஸ் அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஃபியூஸ் போகாததால் வயர் சூடேறிக் குழாய்க்குள் கருகி, ஜீப்புக்குள் இருந்த வயரையும் சேர்த்து உருக்கி, எப்போதோ எல்லாம் செத்துப்போயிருந்தது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பைக் நேராக வள்ளத்தின் பின்பக்கத்தில் போய் மோதியது. வியான்னிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஜெரோம் மேலே எழும்பி எஞ்சின் மாட்டுகிற இரும்பில் விழுந்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னார்கள்.

அடக்கத்துக்கு நான் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். பைக்கை நெருக்கமாக ஓட்டியது காரணம் என்று போலீஸ் எழுதியது. ஊரும் அதைத்தான் சொன்னது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் போலீஸ் ஜீப்பை விட்டது. கிறிஸ்துதாஸ் அண்ணன் அதைக் கடையில் நிறுத்தி, சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

அக்கா ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"வயரை உருவினியா?"

"உருவினேன்."

"ஜீப்புல ஏறு."

ஏறினேன்.

"பிரேக்கை மிதி."

மிதித்தேன். அக்கா பின்னால் போய் நின்றாள்.

"எரியுதா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் உள்ள இருக்கேன்."

"செரி. இறங்கி இங்க வா."

அவள் இடத்தில் என்னை நிறுத்திவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலுக்கு எதிரில் ஜீப்பின் பிரேக் விளக்கின் சிவப்புக் கண்ணாடி. அதில் காய்ந்த சேறு.

"எரியுதா?"

"இல்ல."

"எவ்வளவு தூரத்துல நிக்க?"

"ரெண்டு அடி."

"அவன் இருபது அடியில வந்தான். இன்னும் ஒருக்கா பாத்துச் சொல்லு. எரியுதா?"

"இல்லக்கா."

அவள் காலை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எரியுதா?"

"இல்ல."

"ஏன் எரியல?"

"வயரு கருகிப்போச்சு."

"ஏன் கருகிச்சு?"

"ஃபியூஸ் போவல."

"ஏன் போவல?"

"ஃபியூஸ் இல்ல. வெள்ளித்தாள்."

"யாரு வச்சது?"

"நான்."

"கேக்கல."

"நான்தான்க்கா."

அதற்குப் பிறகுதான் காலை எடுத்தாள். இறங்கி வந்து திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்து ஜீப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ வேலைய முடிச்ச வேகத்தக் கேட்டப்பவே எனக்குச் சந்தேகம். மூணு நாளைக்கு முன்ன நான் வியான்னியப் பாக்கப் போனேன்" என்றாள். "வெளக்கு எரிஞ்சிருக்காது மக்கா, எங்க கடையில வேலை சரியாச் செய்யல, ஒனக்க மேல தப்பு இல்லன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஆறுதலுக்குச் சொல்லுதிய அக்கா, ஒங்க கடை வேலை அப்படி ஆவாதுன்னு சொன்னான். வெளக்கு எரிஞ்சிருக்கும், நான்தான் பாக்கலன்னு சொன்னான். தம்பிய நான்தான் கொன்னேன்னு சொன்னான்."

சிவப்புக் கண்ணாடியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினேன்.

"அவனுக்க அம்மா உள்ள இருந்து கேட்டுட்டுதான் இருந்தா. சோறு கொண்டு வச்சா. அவனுக்கு ஒரு கைதான இப்ப, பிசைஞ்சு வச்சா. முகத்தப் பாக்கல. பேசல. அன்னைக்கு இருந்து பேசலயாம்."

"நீங்க திரும்பப் போய்ச் சொல்லுங்கக்கா. நான் வச்சேன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். அவன் நம்ப மாட்டான். இப்ப ஒரு பையன் மேல பழியப் போட்டு எனக்கு ஆறுதல் சொல்ல வந்துட்டாளேன்னு நினைப்பான். நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அது ஆறுதல்தான்."

"பின்ன யாரு சொன்னா நம்புவான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அது கேள்வியே இல்லை என்று எனக்கும் தெரியும். நேரம் கடத்தத்தான் கேட்டேன்.

"சொன்னா ஜெரோம் வருவானா?" என்றேன்.

"வரமாட்டான்."

"வியான்னி என்னை அடிப்பான்."

"அடிக்கட்டும்."

"கத்தி எடுத்தான்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "எடுக்க மாட்டான்னு நான் சொல்லல."

"போலீசு?"

"வரும்."

"அப்ப நான் எதுக்குக்கா போவணும்?"

"அம்மாவும் மகனும் ஒரு வார்த்தை பேசுவாங்க."

"எனக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் கிடைக்காது மக்கா. கிடைக்கும்னு நினைச்சுப் போறதா இருந்தா போவாத."

கடைக்குள் போய்க் கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். நான் அதே இடத்தில் நின்றேன்.

"நாளைக்குக் காலத்த முதல் பூசை முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்திருவா. அப்ப போ. ரெண்டுபேரும் இருக்கும்போது சொல்லணும். உள்ள கூப்பிட்டா போவாத. உக்காராத. அழாத. நீ அழுதா அவங்க ஒனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும்."

"என்னன்னு சொல்ல?"

"வெளக்கு எரியல, அது என்னாலதான். இவ்வளவு போதும்."

எண்ணிப் பார்த்தேன். நாலே வார்த்தை.

"சொல்லிட்டு?"

"அங்கேயே நில்லு. அவங்க போன்னு சொல்லுத வரைக்கும்."

மறுநாள் காலையில் முதல் பூசைக்கு மணி அடித்தது. முகம் கழுவிச் சட்டை போட்டேன். பூசை முடிந்து பெண்கள் எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவில் வியான்னியின் அம்மா தனியாக நடந்துபோவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் வரை கேட்டது.

பதினொரு மாதம் ஆகிறது. அக்கா பிறகு கேட்கவில்லை. நான் போகவில்லை.